தேடுவோர்க்கு 'இல்லை' என்னலாமா?



பங்கு ஆலயங்களும், பக்த சபைகளும், பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்களும் தத்தமக்கென ஓர் இணையதளம் அமைத்துக்கொள்வது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. பூசை நேரங்கள், திருவிழா நிகழ்ச்சி நிரல், மன்றங்களின் ஆண்டறிக்கை, நூற்றாண்டு விழா மலர் என்று எதையெதையோ ஆண்டுக்கணக்கில் அதிலே சேர்த்துக்கொண்டே போகின்றோம். களஞ்சியம் நிறைந்து, எந்த மூட்டை எங்கே கிடக்கின்றது என்பது வைத்தவர்களுக்கே தெரியாமற்போன பிறகுதான், "உள்ளே தேடுவதற்கு ஒரு வசதி இருந்தால் நன்றாயிருக்குமே" என்னும் எண்ணம் எழுகின்றது. இத்திங்கள் அதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

எங்கள் பங்கிலும் இவ்வாறே ஆயிற்று. கணினி பயின்ற இளைஞர் ஒருவர் ஒரே மாலைப் பொழுதில் தளத்தின் உச்சியில் தேடற்பெட்டி ஒன்றைப் பொருத்திவிட்டார். பெட்டியில் 'திருவிழா' என்று எழுதித் தட்டினோம். பழைய விழாக்களின் பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. அனைவருக்கும் மகிழ்ச்சி. பங்குத்தந்தை அவரைப் பூசை முடிவில் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து மலேசியாவிலிருந்து ஓர் அம்மையார் மடல் விடுத்திருந்தார். அவருடைய பாட்டனார் இளமையிலேயே மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். சொந்த ஊர் எதுவென்பது குடும்பத்தில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. எங்கள் ஊராக இருக்கலாம் என்று ஒரு செவிவழிச் செய்தி மட்டும் உண்டு. எங்கள் தளத்தில் 'சவேரிமுத்து' என்னும் பெயரைத் தேடினாராம். 'முடிவுகள் ஏதும் இல்லை' என்று விடை வந்ததாம். "ஆகவே அவர் உங்கள் ஊரினர் அல்லர் என்று தெரிந்துகொண்டேன். இணையதளத்தைத் திறந்து வைத்திருப்பதற்கு நன்றி" என்று முடித்திருந்தார். குறை கூறவில்லை. நன்றி கூறியிருந்தார்! அதுதான் எங்களைச் சுட்டது.

ஏனெனில் எங்கள் நூற்றாண்டு மலரில், மணிக்கூண்டு கட்டப் பொருளுதவி செய்தோர் பட்டியலில், 'சவரிமுத்து' என்று மூன்று பேர் இருக்கின்றனர். பெயர் இருக்கின்றது, பட்டியல் இருக்கின்றது, பக்கமும் தளத்தில் இருக்கின்றது. பெட்டியோ 'இல்லை' என்று சொல்லிவிட்டது. 'நீர் கேட்ட எழுத்துக்கள் என் குறிப்பில் காணப்படவில்லை' என்று சொல்ல அதற்குத் தெரியாது. 'இல்லை' என்று சொல்லவே தெரியும். அந்த 'இல்லை'யை அம்மையார் கருவியின் சொல்லாகக் கொள்ளவில்லை, பங்கின் சொல்லாகவே கொண்டார். நம் வீட்டு வாசலில் நாம் நிறுத்தியிருக்கும் ஆள் சொல்வது நம் சொல்லே அல்லவா?

பிழை எங்கே நேர்ந்தது என்று அறிய, இப்பெட்டி வேலை செய்யும் விதத்தைச் சற்று அறிதல் வேண்டும். நாம் கேட்டவுடன் அது எல்லாப் பக்கங்களையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. முன்கூட்டியே எல்லாப் பக்கங்களையும் வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பக்கங்களைக் குறித்து, ஒரு பேரேடு எழுதி வைத்திருக்கும். நாம் கேட்கும்போது அந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகின்றது.

இந்த உபாயம் கணினியோடு பிறந்ததன்று. 1230-களில் பாரிஸ் மாநகரின் புனித யாகப்பர் மடத்தில், சாமிநாதர் சபைத் துறவியான செயிண்ட்-ஷேர் ஹியூ என்பவரின் தலைமையில், இலத்தீன் விவிலியம் முழுமைக்கும் ஒரு சொல்லடைவு தொகுக்கப்பட்டது. இவர் 1244-இல் கர்தினாலாக உயர்த்தப்பெற்றவர். அக்காலத்தில் விவிலியத்துக்கு அதிகாரப் பிரிவு உண்டே தவிர வசன எண்கள் கிடையா. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறுகளாகப் பாவித்து, ஏழு எழுத்துக்களால் அடையாளம் இட்டு, ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகின்றது என்று துறவியர் பலர் கையாலேயே எழுதினர். இன்றைய தேடுபொறியின் உள்ளே இருப்பது இந்த ஏட்டின் பேரப்பிள்ளையே என்றால் மிகையாகாது.

அம்முதல் ஏட்டில் ஒரு குறையும் இருந்தது. சொல்லும் இடமும் மட்டுமே அதில் இருந்தன. அச்சொல்லைச் சூழ்ந்த வாசகம் இல்லை. ஒரு சொல் நூறு இடத்தில் வருமானால் நூறையும் திறந்து பார்த்தாலன்றி வேண்டியது எது என்று தெரியாது. பின்னர் அதே மடத்தில் இருந்த ஆங்கிலத் துறவியர் சிலர் சுற்றியுள்ள வாசகத்தையும் சேர்த்து எழுதினர். அது மிகவும் பருத்துப் போயிற்று என்பது வேறு கதை. ஆயினும் இன்று தேடல் முடிவுகளில் ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு வரி தெரிகின்றதே, அதன் பயன் இன்னதென்று அவர்கள் அன்றே கண்டிருந்தனர். உங்கள் தளத்துக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது, அந்த இரண்டு வரி காட்டாத கருவியை ஒதுக்கிவிடுங்கள்.

இனிக் கருவிகளைப் பற்றி. வெளியாரிடம் இரவல் வாங்குவது ஒரு வழி. கூகுள் நிறுவனம் 2006-ஆம் ஆண்டிலிருந்து, ஒருவர் தம் தளத்துக்கு மட்டும் உரிய தேடுபொறியைத் தாமே அமைத்துக்கொள்ள இடந்தருகின்றது. தள முகவரியைக் கொடுத்தால் சில வரிகள் கொண்ட நிரல் ஒன்று கிடைக்கும். அதை எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பெட்டி தோன்றிவிடும். கால்மணி நேர வேலை. ஆனால் அது கூகுளின் பேரேட்டிலிருந்தே விடை சொல்லும். கூகுள் இன்னும் வந்து பார்க்காத பக்கம் அதற்கு இல்லாத பக்கமே. நேற்று ஏற்றிய துக்க அறிவிப்பு இன்று கிடைக்காமற்போகலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கூகுளில் 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளியின்றி உங்கள் தள முகவரியை எழுதித் தேடிப் பாருங்கள். அங்கே எது வருகின்றதோ ஏறக்குறைய அதுவே உங்கள் பெட்டிக்குத் தெரிந்த உலகம். மேலும், இலவசமாகத் தருவதால் முடிவுகளோடு விளம்பரங்களும் வரும். நீத்தார் பெயரைத் தேடுகிறவர் கண்ணில் கடன் நிறுவன விளம்பரம் படுவது எனக்கு உவப்பானதன்று. இரவல் பொருளுக்குரிய இன்னொரு இடரும் உண்டு. அதே நிறுவனம் விளம்பரமின்றிக் கட்டணத்துக்கு நடத்திவந்த தளத் தேடல் சேவையை 2018-இல் நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறிடம் தேட நேர்ந்தது.

தளத்தை நடத்தும் மென்பொருளிலேயே இருப்பதைப் பயன்படுத்துவது மற்றொரு வழி. பலர் கையாளும் வேர்ட்பிரஸில் தேடல் உடன்பிறந்ததாகவே இருக்கின்றது. பேரேடு எழுதி வைக்கும் முறையைச் சொன்னேன் அல்லவா, இது அதற்கு விலக்கு. கட்டுரைகளின் தலைப்பிலும் உடலிலும் நீங்கள் இட்ட எழுத்துத் தொடர் இருக்கின்றதா என்று அப்போதைக்கப்போது பார்க்கும், அவ்வளவே. பி.டி.எஃப். கோப்பின் உள்ளே அது எட்டிப் பார்ப்பதில்லை. நூற்றாண்டு மலரை முழுதும் பி.டி.எஃப். ஆக ஏற்றிவிட்டு, 'தேடினால் கிடைக்கவில்லையே' என்று வருந்துவோர் பலர்.

சிறிய தளங்களுக்கு நான் விரும்புவது வேறொன்று. 2022-இல் வெளிவந்த பேஜ்ஃபைண்ட் போன்ற இலவசக் கருவிகள், நம் பக்கங்களை வாசித்து நம் தளத்துக்குள்ளேயே பேரேட்டை எழுதி வைத்துவிடுகின்றன. தேடும் வேலை வாசகரின் கைப்பேசியிலேயே நடக்கின்றது. யார் எதைத் தேடினார் என்பது மூன்றாம் ஆளுக்குப் போவதில்லை. இதை அமைப்பதற்கு முதற்கூறிய வழியைவிடச் சற்று அதிகம் கணினியறிவு வேண்டும். உங்கள் பங்கில் அத்தகைய இளைஞர் ஒருவர் இல்லாமற்போகமாட்டார்.

எந்தக் கருவியாயினும், அதற்கு முன் நம் எழுத்து ஒழுங்காக இருத்தல் வேண்டும். பழைய தளங்களில் தமிழை ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருவில் தட்டெழுதினார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினியின் வயிற்றில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் கிடக்கும். அதில் எந்தப் பெயரும் அகப்படாது. யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. பழையவற்றை அம்முறைக்கு மாற்றியாக வேண்டும். அதிலும் ஒரு நுட்பம். 'கொ' என்னும் எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரு குறிகளாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கருவிக்கோ அவை இரு வேறு எழுத்துக்கள். 'கொடியேற்றம்' ஒரு பக்கத்தில் கிடைத்து மறு பக்கத்தில் கிடைக்காமற்போனால் இதை ஐயுறுங்கள். எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருமாறு இளைஞரிடம் சொன்னால் போதும், செய்துவிடுவார்.

அச்சு மலர்களைப் படம் பிடித்து எழுத்தாக்கும் கருவிகள் தமிழுக்கும் வந்துவிட்டன. எங்கள் மலர் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. தும்பிக்கை தூக்கிய பழைய 'லை', 'னை' எழுத்துக்களைக் கண்டு அக்கருவி திகைத்துப்போயிற்று. பக்கத்துக்கு இருபது முப்பது பிழைகள். மாதர் சங்கத்தினர் மாலைதோறும் அமர்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். மூத்தவர் ஒருவர், "இதில் பாதிப் பேரை நான் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லித் திருத்தியது இன்னும் என் காதில் ஒலிக்கின்றது.

தமிழுக்கே உரிய மற்றொரு தொல்லை, சொல்லின் வாலில் இருக்கின்றது. 'மரம்' என்று தேடுகிறவருக்கு 'மரத்தில்', 'மரத்தால்' என்பன அகப்படா. 'வீடு' என்றால் 'வீட்டுக்கு' அகப்படாது. இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இயேசு சபைக் குருவான ரொபேர்த்தோ பூசாவின் நினைவு வரும். இத்தாலியரான இவர், புனித தோமாஸ் அக்குவினாரின் நூல்களில் 'பிரசன்னம்' என்னும் கருத்தை ஆராய்ந்தபோது, அச்சொல்லைத் தேடிப் பயனில்லை என்று கண்டார். அக்கருத்து 'உள்ளே' எனப் பொருள்படும் 'இன்' என்னும் சிறிய இலத்தீன் இடைச்சொல்லோடு பிணைந்து கிடந்தது. ஆகவே அது வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் கையால் எழுதினார். பொதுவான தேடுபொறிகள் பல, இத்தகைய சிறு சொற்களைப் பயனற்றவை என்று தள்ளிவிடும் வழக்கமுடையவை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்!

பிறகு 1949-இல் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து, அவர் நிறுவனத்தின் எந்திரங்களின் உதவியைப் பெற்றார். துளையட்டைகளில் சொற்களைப் பதியும் பணியை இளம்பெண்கள் பலர் செய்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்களை ஆராய்ந்த அந்தச் சொல்லடைவு, 1980-க்குள் 56 தொகுதிகளாக அச்சேறி முடிந்தது. இலத்தீன் சொற்களும் தமிழைப் போலவே வால் மாறுபவை. ஆகவே ஒரே சொல்லின் பல வடிவங்களையும் ஒரு தலைச்சொல்லின் கீழ்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. எந்திரம் வரிசைப்படுத்தியது, எது எதனோடு சேரும் என்று முடிவு செய்தவர்கள் மனிதர்கள். பூசா அடிகள் தம் 97-ஆம் வயதில், 2011-இல் மறைந்தார். தமிழில் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் நிரல்களும் இப்போது உண்டு. ஸ்னோபால் என்னும் இலவசத் தொகுதியில் தமிழுக்கும் ஒன்று இருக்கின்றது. முழு நிறைவானதன்று எனினும், ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

ஆனால் எந்த நிரலும் நம் பெயர்களை அறியாது. சவேரிமுத்து, சவரிமுத்து, சவிரிமுத்து, யோசேப்பு, ஜோசப், சூசை, இராயப்பன், ராயப்பன், பேதுரு, அந்தோணி, அந்தோனி. இவை ஒன்றென்று ஊரில் குழந்தைக்கும் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. செபமாலையும் ஜெபமாலையும் அதற்கு இரண்டு. கோயிலும் கோவிலும் இரண்டு. அம்மையாரின் மடல் வந்த பிறகு நாங்கள் செய்த பரிகாரம் மிகவும் எளியது. பெயர்ப் பட்டியல் உள்ள ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பெயர்களின் பிற வடிவங்கள்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். அதில் எல்லா வடிவங்களையும், ஆங்கில எழுத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் எழுதும் விதங்களையுங்கூட, எழுதி வைத்தோம். எந்தக் கருவியும் அதைக் கண்டுகொள்ளும். 'முடிவுகள் ஏதும் இல்லை' என்னும் வாசகத்தையும் எடுத்துவிட்டோம். அவ்விடத்தில், 'இச்சொல் எங்கள் பக்கங்களில் அகப்படவில்லை. வேறு விதமாக எழுதிப் பாருங்கள், அல்லது ஆலய அலுவலகத்துக்கு எழுதுங்கள்' என்று முகவரியோடு இட்டிருக்கின்றோம்.

தேடிக் கிடைக்காமற்போன சொற்களைக் கருவி குறித்து வைக்குமாறும் செய்தோம். சொல் மட்டும், நாளும் மணியும் உண்டு, ஆள் அடையாளம் கிடையாது. திங்களுக்கொரு முறை பங்குத்தந்தையும் நானும் அதைப் பார்ப்பது வழக்கம். முதல் திங்களிலேயே ஒன்று கண்ணிற்பட்டது. இரவு இரண்டு மணிக்கு மேல் யாரோ ஒருவர் 'குடியை நிறுத்த' என்று தேடியிருக்கின்றார். அகப்படவில்லை. 'குடி நிறுத்தம்' என்று தேடியிருக்கின்றார். அதுவும் அகப்படவில்லை. அதோடு நின்றுவிட்டது பட்டியல். மூன்றாவதாக 'குடி' என்று மட்டும் அவர் தேடியிருப்பாராயின் என்ன கிடைத்திருக்கும் என்று அறிய நாங்களே தட்டிப் பார்த்தோம். குடியரசு தின விழா, குடிநீர்த் தொட்டித் திறப்பு, குடியிருப்போர் கூட்டம் ஆகியன வந்தன. நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை. பதினைந்து ஆண்டு நிகழ்ச்சிகளை ஏற்றி வைத்திருக்கும் எங்கள் தளத்தில், அந்த மனிதருக்கோ அவருடைய மனைவிக்கோ பயன்படும் வரி ஒன்றுகூட இல்லை. இங்கே பெட்டி சொன்னது உண்மையான 'இல்லை'. அடுத்த வாரமே அருகிலுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நடைபெறும் இடம், நேரம், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு ஆகிய விவரங்களோடு ஒரு பக்கம் எழுதினோம். தேடியவர் யாரென்று அறிய எளிய வழி இருந்திருக்கலாம். நாங்கள் அறிய விரும்பவில்லை. அறியும் வழியையே கருவியிலிருந்து நீக்கிவிடச் சொன்னோம்.

இதே எச்சரிக்கை மறுபக்கத்துக்கும் வேண்டும். கண்டுபிடிக்க அரிதாய் இருந்தவரை ஒரு செய்தி பாதி மறைவில் இருந்தது. தேடற்பெட்டி வந்ததும் அந்த மறைவு போய்விடுகின்றது. எங்கள் தளத்தின் ஒரு மூலையில், பழைய குடும்பக் கணக்கெடுப்பு ஒன்று, வீட்டு எண், கைப்பேசி எண், பிள்ளைகளின் வயது ஆகியவற்றோடு கிடந்தது. எவர் எப்போது ஏற்றினாரோ! பெட்டியில் ஒரு பெண்பிள்ளையின் பெயரைத் தட்டினால் அவள் வீடும் பள்ளியும் வந்து நிற்கும். நோயாளிகளுக்காக மன்றாட்டுக் கேட்ட பட்டியல்களில் நோயின் பெயரோடு ஆளின் பெயரும் இருந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய களையெடுப்பை, திறந்த பின் இரண்டு இரவுகளில் பதறிக்கொண்டு செய்தோம். தேடுபொறிகளை 'இங்கே வராதே' என்று தடுக்கும் அறிவிப்புக் கோப்பு ஒன்று உண்டு. அது வேண்டுகோளேயன்றிப் பூட்டன்று. வெளியே தெரியக்கூடாதது தளத்திலேயே இருத்தலாகாது. திருமுழுக்கு ஏடுகளையும் ஏற்றலாமே என்று சிலர் ஆர்வத்தோடு கேட்டனர். பங்குத்தந்தை உறுதியாக மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியென்பதே என் கருத்து.

அம்மையாருக்கு உடனே மறுமடல் எழுதி, மூன்று சவரிமுத்துக்களைப் பற்றியும் தெரிவித்தோம். அவர் தம் பாட்டனாருடைய தந்தையின் பெயரையும், பிறந்த ஆண்டு உத்தேசமாக இன்னதென்பதையும் எழுதி அனுப்பினார். உபதேசியார் அலமாரியைத் திறந்து அவ்வாண்டுகளுக்குரிய ஏட்டை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்து வந்தார். மூன்றாம் நாள் அகப்பட்டது. அங்கே சவரிமுத்து என்றும் இல்லை, சவேரிமுத்து என்றும் இல்லை. அக்காலக் குருவானவர் இலத்தீனில் 'சவேரியுஸ்' என்று எழுதி, பக்கத்தில் தெருவின் பெயரை மட்டும் தமிழில் எழுதியிருந்தார். அந்தத் தெரு இன்றும் அதே பெயரோடு இருக்கின்றது. அம்மையார் வருகிற திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கின்றார்.